பிறந்த முதல் வாரத்து அழுத்தம், முதுமையில் அல்சைமர்: சுண்டெலி ஆய்வை எப்படி அமைப்பது?

நியூரான்செல்வி கேட்டது:

வணக்கம். முனைவர் பட்டத்துக்கான ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். குட்டிப் பருவத்தில் வரும் அழுத்தம் பிற்காலத்தில் மூளையில் அமிலாய்டு (அல்சைமர் நோயில் சேரும் புரதம்) படிவதைக் கூட்டுகிறதா, கூட்டினால் எந்த வழியாக என்பதுதான் கேள்வி.

கையில் இருக்கும் வரைவு இது. பிறந்த 2ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை தினமும் 3 மணி நேரம் தாயைக் குட்டிகளிடமிருந்து பிரித்து வைப்பது. 5எக்ஸ்எஃப்ஏடி வகைச் சுண்டெலி (அல்சைமருக்கான மரபணு மாற்றம் செய்தது). ஒரு தொகுதிக்கு 10 குட்டிகள். 6 மாத வயதில் மாரிஸ் நீர்த்தொட்டிச் சோதனை (நீரில் மறைந்த மேடையைத் தேடும் நினைவாற்றல் சோதனை). அதன்பின் மூளைத் திசு.

பிரிக்கும் முறை சுண்டெலியில் நம்பகமானதா? 10 குட்டிகள் போதுமா? முன்னுரையில் மனிதச் சான்று பற்றி எழுத வேண்டும். "குழந்தைப் பருவக் கொடுமை டிமென்ஷியாவைத் தருகிறது" என்று எழுதும் அளவுக்கு அது உறுதியானதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கூண்டறை எழுதியது:

வரைவில் ரெண்டு இடத்தை மாத்துங்க. ஒண்ணு, பிரிக்கிற முறை. இன்னொண்ணு, சுண்டெலி வகை.

தாயைப் பிரிக்கிற முறை பெரிய எலியில் ஓரளவு நிக்கும். சுண்டெலியில் ஒரு ஆய்வகத்துக்கு வந்த முடிவு அடுத்த ஆய்வகத்துக்கு வராது. 3 மணி நேரம் கழிச்சுத் திரும்பி வர்ற தாய், விட்டதுக்கும் சேர்த்து நக்கிப் பாலூட்டி ஈடுகட்டிடும். அப்போ நீங்க கொடுத்தது அழுத்தமா, கூடுதல் பராமரிப்பான்னே தெரியாமப் போயிடும். 15 நிமிஷம் மட்டும் பிரிச்சா நல்லதே நடக்குதுன்னு ஒரு பெரிய ஆய்வு வரிசையே இருக்கு. 1988இல் மீனியும் சபோல்ஸ்கியும் மத்தவங்களும் காட்டினது அதுதான்: குட்டியில் அப்படிக் கையாளப்பட்ட எலிகளுக்கு முதுமையில் ஹிப்போகேம்பஸ் (நினைவுக்கான மூளைப் பகுதி) நரம்பணு இழப்பு குறைவு. 15 நிமிஷத்துக்கும் 180 நிமிஷத்துக்கும் நடுவில் எங்கே கோடு விழுதுன்னு உங்க கூண்டறையில் யாரும் சொல்ல முடியாது.

அதுக்குப் பதிலா கூடுபொருள் குறைப்பு முறையை எடுங்க. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் டாலி பாரம் குழு உருவாக்கினது. சுண்டெலிக்கான வடிவம் 2008இல் வந்தது. தாய் கூண்டிலேயே இருக்கும். கூடு கட்டப் பொருள் பத்தாததால அடிக்கடி எழுந்து வெளியே ஓடும், பாதியில் விட்டுட்டுத் திரும்பும். மொத்தப் பராமரிப்பு நேரம் பெரிசா குறையாது. அது துண்டு துண்டாகிறதுதான் அழுத்தம்.

செய்முறை. 2ஆம் நாள் காலையில் குட்டிகளை எடை போட்டு 6 ஆக்குங்க, முடிஞ்சா 3 ஆண் 3 பெண். அழுத்தத் தொகுதிக் கூண்டில் தரை லேசா மூடுற அளவுக்கு மட்டும் படுக்கைப்பொருள். அதுக்கு மேல 2.5 செ.மீ. உயரத்தில், பிளாஸ்டிக் பூசின அலுமினிய வலை, கண் அளவு சுமார் 0.4 × 0.9 செ.மீ. கூடு கட்ட 5 × 5 செ.மீ. பருத்திச் சதுரத்தில் பாதி. ஒப்பீட்டுத் தொகுதிக்கு வழக்கமான படுக்கை, முழுச் சதுரம், வலை கிடையாது. 9ஆம் நாள் காலை வரைக்கும் ரெண்டு தொகுதியையும் தொடவே கூடாது. 9ஆம் நாள் எல்லாரும் வழக்கமான கூண்டுக்கு. 21ஆம் நாள் பால் மறக்கடிப்பு.

எங்கே கெடும்னா, முதல்ல வலை ஓரம். வலைக்கும் கூண்டுச் சுவருக்கும் இடைவெளி இருந்தா குட்டி கீழே விழும். தாயால் எடுக்க முடியாது, குளிர்ந்து செத்துடும். நாலு ஓரத்தையும் கீழ்நோக்கி மடிச்சு, சுவரோடு ஒட்டி நிக்கிற மாதிரி வெட்டுங்க. கண் பெரிசா இருந்தா கால் மாட்டும். ரொம்பச் சின்னதா இருந்தா கழிவு கீழே போகாது, தோல் ஈரமாகும்.

அடுத்தது வெப்பம். இந்த வயசில் குட்டிக்குத் தன் உடல் சூட்டைக் காக்கத் தெரியாது. விசிறி வைச்ச காற்றோட்டக் கூண்டில் இந்த முறையைச் செய்தா, நீங்க பார்க்கிறது குளிர் அழுத்தமாத்தான் இருக்கும். சாதாரண மூடிக் கூண்டு, 22 டிகிரியை ஒட்டின அறை, காற்றுக்குழாய்க்கு நேர் கீழே வைக்காம இருந்தா போதும். ரெண்டு தொகுதிக் கூண்டுகளையும் ஒரே தட்டில் மாத்தி மாத்தி அடுக்குங்க. மேல்தட்டுக்கு வெளிச்சம் அதிகம், அது தாயோட நடத்தையை மாத்தும்.

நம்ம ஊர் விலங்கறைகளில் நெல் உமி போடுறது வழக்கம். ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். இந்த ஆய்வு முடியுற வரைக்கும் சோளக்கதிர்த் துகளோ எதுவோ, ஒரே வகை ஒரே தொகுப்பில் வாங்கி வைச்சுக்கோங்க. ஒப்பீட்டுக் கூண்டில் கிழிச்ச காகிதம் போட்டா அதையும் எடை போட்டுப் போடுங்க.

முறை வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? 9ஆம் நாள் எடை அழுத்தக் குட்டிக்குக் குறைவா இருக்கணும். 3 முதல் 6ஆம் நாள் வரை காலையும் மாலையும் கேமராவில் தாய் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை கூட்டை விட்டு வெளியே வருதுன்னு எண்ணுங்க. ரெண்டு தொகுதியிலும் ஒரே எண்ணிக்கை வந்தா மேற்கொண்டு போகாதீங்க. பெரும்பாலும் பருத்தித் துண்டு பெரிசா இருக்கும், இல்லைன்னா வலைக்கடியில் இருக்கிற படுக்கையைத் தாய் மேலே இழுத்திருக்கும்.

சுண்டெலி வகைக்கு வருவோம். 5எக்ஸ்எஃப்ஏடியில் 2 மாதத்திலேயே பிளாக் (அமிலாய்டு திட்டு) வந்துடும். ஐந்து மரபணு மாற்றம் தள்ளுற வேகத்தில் அழுத்தத்தோட சின்னத் தள்ளல் தெரியாது. ஏபிபி/பிஎஸ்1 (இன்னொரு அல்சைமர் சுண்டெலி வகை) எடுங்க, 6 மாதத்தை ஒட்டிப் பிளாக் தொடங்கும், 9–12 மாதத்தில் நல்லா தெரியும். நேரம் ஆகும், ஆனா கேள்விக்கு அதுதான் பொருத்தம்.

எந்த வகை எடுத்தாலும் விழித்திரைச் சிதைவு மரபணுவைச் சோதிச்சுக்கோங்க. கலப்புப் பின்னணியில் வர்ற வரிசைகளில் அது ஒளிஞ்சிருக்கும். அப்படிப்பட்ட சுண்டெலிக்குக் கண் தெரியாது, நீர்த்தொட்டியில் சுவரில் இருக்கிற குறியைப் பார்க்காமலே சுத்தும், நீங்க "நினைவாற்றல் குறைபாடு"ன்னு எழுதுவீங்க.

இனச்சேர்க்கையில் மாற்று மரபணு ஆணிடமிருந்துதான் வரணும். தாய் சாதாரண சி57 கருப்புச் சுண்டெலியா இருக்கட்டும். தாய்க்கே அமிலாய்டு இருந்தா பராமரிப்பே வேற மாதிரி ஆகும். எல்லாத் தாயும் தலையீத்தா, இல்லை எல்லாமே இரண்டாம் ஈத்தா என்கிறதையும் முதல்லயே முடிவு பண்ணுங்க, கலக்காதீங்க.

---

ஈத்துக்கணக்கு எழுதியது:

கூண்டறை சொன்னதற்கு மேல் கூண்டு பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. "ஒரு தொகுதிக்கு 10 குட்டிகள்" என்ற வரிக்கு மட்டும் வருகிறேன். திட்டம் கவிழப்போவது அங்கேதான்.

அழுத்தம் குட்டிக்குக் கொடுக்கப்படவில்லை, தாய்க்குக் கொடுக்கப்படுகிறது. ஆகவே உங்கள் எண்ணிக்கை ஈத்துகளின் எண்ணிக்கை. 10 குட்டிகளும் 2 ஈத்துகளிலிருந்து வந்தால் உங்கள் மாதிரி அளவு 2. ஒரே ஈத்துக் குட்டிகளுக்கு இடையிலான ஒப்புமை 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈத்துக்கு 6 குட்டி வீதம் 60 குட்டிகள் அளந்தால், 1 + (6 − 1) × 0.3 = 2.5ஆல் வகுக்க வேண்டும். கையில் மிஞ்சுவது 24 குட்டிகளுக்கான தகவல். இதைச் செய்யாமல் சாதாரண டி சோதனை போட்டால் பொய்யான நட்சத்திரக் குறிகள் (புள்ளியியல் முக்கியத்துவக் குறிகள்) கொட்டும்.

எத்தனை ஈத்து? விளைவின் அளவு 1.2 திட்டவிலக்கம் என்று தாராளமாக எதிர்பார்த்தால், 80 சதவீதத் திறனுக்கு (இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) தொகுதிக்கு 12. எதிர்பார்ப்பு 0.8 என்றால் 26. இந்தத் துறையில் பெரும்பாலான ஆய்வுகள் இதற்குக் கீழே நிற்கின்றன. 200க்கும் மேற்பட்ட கொறிவிலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் போனாபெர்சோனா குழு வெளியிட்ட பகுப்பாய்வும் திறன் குறைவைச் சுட்டியது. அதே தொகுப்பில் நடத்தை விளைவுகள் ஆணில் வலுவாக இருந்தன. ஆனால் ஏபிபி/பிஎஸ்1இல் அமிலாய்டு பெண்ணில் அதிகம் படியும். இரண்டு பாலையும் சேர்த்துச் சராசரி போட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று மறைக்கும்.

மரபணுவகை கணக்கும் பாருங்கள். பாதிக் குட்டிகளுக்குத்தான் மாற்று மரபணு கிடைக்கும். 3 ஆண் குட்டிகளில் இரு வகையும் அமைய வாய்ப்பு 75 சதவீதம், பெண்ணிலும் அப்படியே. நான்கு கட்டங்களும் நிரம்பும் ஈத்து 56 சதவீதம்தான். 16 ஈத்து எடுத்தால் 9 முழுமையாக இருக்கும். முழுமையில்லாததைத் தூக்கிப் போட வேண்டாம். ஈத்தைச் சமவாய்ப்புக் காரணியாக வைத்துக் கலப்பு மாதிரியில் போட்டால் அவையும் பயன்படும். மரபணுவகைக்குத் திசு எடுப்பதை 9ஆம் நாளுக்கு முன் செய்யாதீர்கள். அந்தக் கையாளலே ஒரு சிகிச்சை ஆகிவிடும்.

இன்னொன்று. ஏபிபி/பிஎஸ்1இல் வலிப்பு வந்து திடீரென இறக்கும் சுண்டெலிகள் உண்டு. அழுத்தத் தொகுதியில் அதிகம் இறந்தால், 10 மாதத்தில் நீங்கள் அளப்பது தாக்குப்பிடித்தவற்றை மட்டும். ஒவ்வொரு இறப்பையும் தேதியோடு பதிந்து, உயிர்வாழ்வு வரைபடத்தையும் முடிவாகக் காட்டுங்கள். விலங்கு நெறிமுறைக் குழுவுக்குப் போகும் பி படிவத்தில் இந்த இழப்பையும் சேர்த்தே எண்ணிக்கை கேளுங்கள். பிறகு கூடுதலாகக் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

---

முதியோர்நலம் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு: "தருகிறது" என்று எழுதாதீர்கள். "தொடர்புடையது" என்பது வரைக்கும் போகலாம்.

நேரடியாக டிமென்ஷியாவை அளந்த ஆய்வுகள் சில. கிழக்கு ஃபின்லாந்தின் குவோபியோ பகுதியில் 2,682 ஆண்களைத் தொடர்ந்த ஆய்வில், குழந்தைப் பருவ அழுத்தம் இருந்தவர்களுக்கு டிமென்ஷியா அபாயம் 1.86 மடங்கு (2018). அங்கே பள்ளிப் பதிவேடுகளையும் பயன்படுத்தினார்கள் என்பது பெரிய பலம். ஆண்கள் மட்டும் என்பது குறை. ஜப்பானில் 17,412 முதியவர்களை வைத்து 2020இல் வந்த ஆய்வில், மூன்று அல்லது அதற்கு மேல் பாதகமான அனுபவங்கள் சொன்னவர்களுக்கு 1.78 மடங்கு. ஆஸ்திரேலியப் பழங்குடியினரில் 60 வயதுக்கு மேற்பட்ட 336 பேரிடம் 2017இல் கண்டது 1.70, குடும்பத்திலிருந்து பிள்ளைகளை அரசே பிரித்த வரலாறு உள்ள சமூகம் அது. ஆனால் அது ஒரே காலத்தில் எடுத்த அளவீடு, எது முன் எது பின் என்பதை நினைவைக் கொண்டே சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று நாடுகள், எண்கள் கிட்டத்தட்ட ஒரே திசை. ஆனாலும் வறுமை, பள்ளிப் படிப்பு, ஊட்டச்சத்து மூன்றும் அழுத்தத்தோடு ஒட்டியே வரும். ஜப்பான் ஆய்வு இவற்றைக் கணக்கில் எடுத்தது. எல்லா ஆய்வும் எடுக்கவில்லை. டிமென்ஷியா பற்றிய லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை சொல்லும் 14 அபாயக் காரணிகளில் குறைந்த கல்வி உண்டு, குழந்தைப் பருவக் கொடுமை தனிக் காரணியாக இல்லை. இதை முன்னுரையில் சொன்னால் மதிப்பீட்டாளர் உங்களை நம்புவார்.

டச்சுப் பஞ்சக் குளிர்காலத்தையும் (1944–45) ருமேனிய அனாதை இல்லங்களையும் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கவனம் தேவை. டச்சு ஆய்வில் கருவின் தொடக்க மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்தவர்கள் 56–59 வயதில் கவனச் சோதனையில் பின்தங்கினர். டிமென்ஷியா அளக்கப்படவில்லை, காரணம் பட்டினியா தாயின் அச்சமா என்று பிரிக்கவும் முடியாது. ருமேனியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்தெடுக்கப்பட்ட 67 இளைஞர்களில் மூளைக் கனஅளவு 8.6 சதவீதம் குறைந்திருந்தது (2020). அவர்கள் இருபதுகளில் இருப்பவர்கள். சிறிய மூளை என்றால் நோய்க்கு முன் இருக்கும் கையிருப்பு குறைவு என்று வாதிடலாம், அவ்வளவுதான்.

இந்தியாவில் இதைத் தொடர நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எழுதப் படிக்கத் தெரியாத முதியவருக்கு வழக்கமான மனநிலைச் சோதனையை அப்படியே வைத்தால், வாசி, எழுது, பின்னோக்கி எழுத்துக்கூட்டு என்ற கேள்விகளிலேயே மதிப்பெண் போய்விடும். குழந்தைப் பருவத்தில் கஷ்டப்பட்டவர்தான் பள்ளிக்குப் போகாதவரும். இல்லாத நோயை அங்கே கண்டுபிடித்துவிடுவோம். ஹரியானாவின் பல்லப்கரில் கல்வியறிவில்லாதவர்களுக்காகவே இந்தி மனநிலைச் சோதனையை 1990களில் மாற்றி அமைத்தது இதனால்தான்.

---

ஈத்துக்கணக்கு எழுதியது:

முதியோர்நலம் எண்களைக் கொஞ்சம் மரியாதையாகவே நடத்துகிறார். வளர்ந்தபின் நினைவிலிருந்து சொல்லும் கொடுமையும், குழந்தையாக இருந்தபோதே பதிவான கொடுமையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 2019இல் ஒரு தொகுப்பாய்வு பார்த்தது. கப்பா (ஒத்துப்போகும் அளவு; 1 என்றால் முழு ஒப்பு) 0.19. அதாவது இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்களைக் குறிக்கின்றன. நினைவு இழக்கும் நோயை ஆராயும்போது நினைவையே அளவுகோலாக வைப்பது அதைவிடச் சிக்கல்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. அமெரிக்காவில் பாதகமான அனுபவங்கள் 6 அல்லது அதற்கு மேல் சொன்னவர்களில் இறந்தவர்கள் சராசரியாக 60.6 வயதில் இறந்தார்கள், ஒன்றும் இல்லாதவர்கள் 79.1இல். டிமென்ஷியா வரும் வயதுக்கு முன்பே போய்விடுகிறார்கள். எனவே 1.8 என்பது கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம்.

---

முதியோர்நலம் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். குவோபியோவை முதலில் எழுதியது அதனால்தான். நினைவை மட்டும் நம்பாத ஆய்வுக்கு அதிக எடை கொடுங்கள், செல்வி.

---

நியூரான்செல்வி எழுதியது:

மிக்க நன்றி. ஏபிபி/பிஎஸ்1, கூடுபொருள் குறைப்பு, தொகுதிக்கு 12 ஈத்து என்று மாற்றிவிட்டேன். "எந்த வழியாக" என்ற பகுதிதான் மிச்சம். கார்ட்டிசால் மட்டும் அளந்தால் போதுமா? எந்த வயதில், எதை எடுப்பது?

---

மைனஸ்எண்பது எழுதியது:

முதலில், சுண்டெலிக்குக் கார்ட்டிசால் கிட் வாங்காதீர்கள். அவற்றில் ஓடுவது கார்ட்டிகோஸ்டிரோன். கார்ட்டிசால் கிட்டில் வரும் எண் வேறெதையோ காட்டும் குறுக்கு வினைதான்.

வழி என்று பார்த்தால் மூன்றைச் சோதிக்கலாம். முதலாவது அழுத்த அச்சு (மூளையும் அட்ரீனலும் சேர்ந்து அழுத்த ஹார்மோனைச் சுரக்கச் செய்யும் அமைப்பு). சுண்டெலியில் பிறந்த முதல் 12 நாள் வரை அட்ரீனல் சுரப்பு அமுங்கியே இருக்கும். அதை அமுக்கி வைப்பது தாய் நக்குவதும் பாலூட்டுவதும்தான். அது துண்டாகும்போது அமுக்கம் விலகும். பெரிய எலியில் இதன் தடம் ஹிப்போகேம்பஸில் குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி மரபணுவின் மெத்தில் ஒட்டாக (மரபணுவின் இயக்கத்தை மாற்றும் வேதிக் குறி) நிலைக்கிறது என்று மெக்கில் பல்கலைக்கழகத்தில் மீனி குழு 2004இல் காட்டியது. ஏற்பி குறைந்தால் சுரப்பை நிறுத்தும் பிரேக் தளரும். மறுபுறம், 3எக்ஸ்டிஜி என்ற அல்சைமர் வகைச் சுண்டெலிக்கு 7 நாள் டெக்ஸாமெத்தசோன் (செயற்கை அழுத்த ஹார்மோன்) கொடுத்தாலே அமிலாய்டும் டாவ் புரதச் சேர்க்கையும் கூடுகின்றன (2006). இரண்டு முனைகளும் தெரியும், நடுவே உள்ள சங்கிலியைத்தான் நீங்கள் கோக்க வேண்டும்.

இரண்டாவது மைக்ரோக்லியா (மூளையின் நோய் எதிர்ப்பு அணுக்கள்). ஆம்ஸ்டர்டாமில் கொரோசி குழு உங்கள் திட்டத்தைப் போன்றதையே செய்தது (2017): ஏபிபி/பிஎஸ்1இல் 10 மாதத்தில் பிளாக் கூடியது, அமிலாய்டுக்கு எதிரான அழற்சி விடையும் மாறியது. அதைப் படிக்காமல் திட்டத்தைச் சமர்ப்பிக்காதீர்கள்; அதே ஆய்வைத் திரும்பச் செய்வதாகத் தோன்றும். மூன்றாவது கையிருப்பு, அதாவது அமிலாய்டே மாறாமல், அதைத் தாங்கும் சினாப்ஸ்களும் புது நரம்பணுக்களும் குறைந்திருப்பது. இதைப் பிரித்துப் பார்க்க மாற்று மரபணு இல்லாத சகோதரக் குட்டிகள் வேண்டும். அவற்றிலும் அதே அளவு கற்றல் குறைபாடு இருந்தால், அழுத்தம் நோயைத் தூண்டவில்லை, தளத்தைத்தான் தாழ்த்தியது. பலர் இந்தத் தொகுதியைச் செலவு கருதி வெட்டிவிடுகிறார்கள். அப்படி வெட்டினால் கட்டுரையின் தலைப்பையே எழுத முடியாது.

வயது: 9 நாள், 4 மாதம், 10 மாதம். 9ஆம் நாளில் ஈத்துக்கு ஒரு குட்டி போதும், அதைத் தனி ஈத்துகளிலிருந்து எடுங்கள். கூண்டைத் தொட்டதிலிருந்து 3 நிமிடத்துக்குள் ரத்தம் கையில் இருக்க வேண்டும்; தாண்டினால் நீங்கள் அளப்பது உங்களைக் கண்ட பயம். இரண்டாவது குட்டிக்கு எப்போதுமே தாமதமாகிவிடும், அதனால்தான் ஒன்று. விளக்கு எரிந்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடியுங்கள். வளர்ந்த சுண்டெலியில் மாலை எடுத்த மாதிரியைக் காலை மாதிரியோடு சேர்த்தால், நாள்சுழற்சி வேறுபாடே அழுத்த விளைவைவிடப் பெரிதாக இருக்கும். ஈடிடிஏ குழாய், ஐஸ், 4 டிகிரியில் 10 நிமிடம் சுழற்றல், பிளாஸ்மாவைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவிடல். அட்ரீனலையும் தைமஸையும் எடை போடுங்கள், செலவே இல்லாத சான்று.

மூளையை இரண்டாகப் பிளந்து ஒரு பாதி உடனே உறைநிலைக்கு, மறுபாதி 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடுக்கு, பிறகு 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் மூழ்கும்வரை. இடது வலது எது எதற்கு என்பதை முன்பே முடிவு செய்து எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே வையுங்கள். உறைந்த பாதியில் கரையும் அமிலாய்டை முதலில் உப்புத் தாங்கல் கரைசலிலும், கரையாததை 70 சதவீத ஃபார்மிக் அமிலத்திலும் பிரித்து, அமிலாய்டின் 40, 42 என்ற இரண்டு வடிவங்களையும் அளவிடுங்கள். ஃபார்மிக் அமிலப் பங்கை நடுநிலைப்படுத்த மறந்தால் எலைசாவில் (எதிர்ப்புரதம் கொண்டு அளக்கும் சோதனை) எல்லாக் குழியும் வெறுமையாக வரும். பிளாக்குக்கு 6இ10 எதிர்ப்புரதம் மட்டும் போதாது. அது முழு ஏபிபி புரதத்தையும் பிடிக்கும், செல்லுக்குள் தெரியும் நிறம் அமிலாய்டு என்று ஏமாற்றும். தியோஃப்ளாவின் எஸ்ஸும் சேர்த்து நிறமூட்டுங்கள். மைக்ரோக்லியாவுக்கு ஐபிஏ1, அதோடு சிடி68 என்ற குறிப்புரதங்கள். எண்ணிக்கை மட்டும் பார்க்காமல், பிளாக்கைச் சுற்றி எத்தனை, தள்ளி எத்தனை என்று பிரித்து எண்ணுங்கள்.

காசு மிச்சமிருந்தால் ஒரு தொகுதி கூடுதல்: 12 மாத வயதில் குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன். இதையும் ஆம்ஸ்டர்டாமில்தான் செய்தார்கள் (2018), அழுத்தம் கண்ட ஏபிபி/பிஎஸ்1இல் அமிலாய்டும் கற்றல் குறைபாடும் தணிந்தன. அந்த மருந்து புரோஜெஸ்டிரோன் ஏற்பியையும் தடுக்கும் என்பதால், பெண் சுண்டெலியில் முடிவைப் படிக்க இனப்பெருக்கச் சுழற்சியின் கட்டத்தைத் தினம் யோனிக் கழுவல் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் இல்லையென்றால் இந்தத் தொகுதியை ஆணில் மட்டும் வைத்து, அப்படித்தான் வைத்தோம் என்று திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.